மடிப்புக்குள் போன அடுக்களை

சென்ற இதழில் அரிசிப் பானையில் வண்டு விழாமல் இருக்க எழுதியிருந்ததற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். வேப்பிலை மட்டும் போதுமா, காய்ந்த மிளகாயும் வேண்டுமா என்று இரண்டு கட்சியே பிரிந்துவிட்டது! அதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இந்த முறை வண்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். நாம் குடியிருக்கிற வீடு அல்ல, பத்திரிகையில் அச்சாகி வருகிற வீடு.

அழகான வீட்டுப் படம் ஒன்று பத்திரிகையில் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் "அடடா!" என்கிறோம். அப்புறம் அந்தப் பக்கத்தைப் பக்குவமாகக் கிழித்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைக்கிறோம். என்றைக்காவது வீடு கட்டும் யோகம் வந்தால் கொத்தனாரிடம் காட்டலாமே என்ற ஆசைதான். ஆண்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுப் போட்டுவிடுவார்கள். அதை வைத்துக் காரியம் செய்கிறவர்கள் நாம்தான். கோலம், ரவிக்கைக் கழுத்து, குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி எல்லாம் இப்படி அச்சிலிருந்து நம் கைக்கு வந்தவைதானே! அதனால் ஒரு பக்கத்தில் எந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், எழுத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அச்சகத்துக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கோலத்தில் ஒரு புள்ளி அச்சில் விடுபட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோலமாவது, தண்ணீர் தெளித்து மறுபடி போட்டுவிடலாம்.

என் நாத்தனார் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். பாங்குக் கடன், கொஞ்சம் நகை, அவள் கணவருடைய சேமிப்பு எல்லாம் அதில் போயிருக்கிறது. அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிற சமயத்தில் ஒரு வீட்டு மலரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மைனி, இதைப் பாருங்க. எனக்கு இந்த ஓட்டை ஓட்டையா இருக்கிற சுவர் வேணும். மேற்கு ரூமுக்கு இதையே போடச் சொல்லப் போறேன்" என்றாள். அவள் விரித்துக் காட்டிய நான்கு பக்கங்களும் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைப் பற்றியவை. மலர் எந்தப் பத்திரிகையுடையது என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற குறை அநேகப் பத்திரிகைகளுக்குப் பொருந்தும்.

பேக்கரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தவர். 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டட வேலை பார்க்க இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை 1948-ல் மணந்துகொண்டார். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷங்கள் அந்த அம்மாள் வைத்தியம் பார்க்க, இவர் கட்டடம் கட்டினார். 1960-களில் கேரளத்துக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்தார். 1989-ல் இந்தியக் குடியுரிமை, 1990-ல் பத்மஸ்ரீ. 2007-ல் தொண்ணூறு வயதில் காலமானார். கையில் கொஞ்சமே பணம் உள்ளவர்கள் கௌரவமாகக் குடியிருக்க வீடு கட்டித் தந்தவர் என்பதுதான் அவருக்குப் பெயர். பூசாத செங்கல் சுவர், மரச் சட்டத்துக்குப் பதில் செங்கல்லிலேயே விட்ட ஜாலி, கான்கிரீட் தளத்துக்குள் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துச் சிமெண்டை மிச்சம் பிடிப்பது, இவையெல்லாம் அவருடைய கைவேலைகள்.

இப்படிப்பட்டவரை அந்த மலர் எப்படிக் காட்டியிருந்தது? முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எதிரெதிராக இருக்கும் முதல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். செங்கல் ஜாலி வழியாகக் காலை வெயில் உள்ளே விழுந்து, சிவப்புத் தரை முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள். பார்த்ததும் கை அந்தத் தரையைத் தடவப் போகிறது! இரண்டு பக்கமும் சேரும் மடிப்பு சரியாகச் சுவரின் வெற்றிடத்தில் விழும்படி பார்த்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் சாய்ந்து போகிற வழியிலேயே கண் நழுவிப் போய்த் தலைப்பில் நிற்கிறது. இதைச் செய்தவர் கைதேர்ந்தவர்தான், சந்தேகமில்லை. படத்தைச் சுற்றிப் பூவும் கொடியும் போட்டுக் கெடுக்கவில்லை.

ஆனால் தலைப்புக்குக் கீழே கட்டுரை ஆரம்பிக்கிற இடத்தில் எனக்குத் திகைப்பாகிவிட்டது. படத்திலிருக்கிற இருட்டு மூலையிலேயே, கருஞ்சிவப்பின் மேல் வெள்ளை எழுத்தில், அதுவும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தைந்து வயது. வெள்ளெழுத்து வந்தவளுக்கு வெள்ளை எழுத்தில் படிக்கக் கொடுத்தால் என்ன செய்வாள்? புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தேன், விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். "நான்" என்பது "நாண்" மாதிரித் தெரிந்தது. சில இடத்தில் புள்ளியே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பா அச்சாபீசில் கம்பாசிட்டராக இருந்தவர். லீவுக்குப் போனால் ஈய எழுத்து அறைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் எங்களுக்கு விளையாட்டு. கறுப்பு எழுத்து என்றால் எழுத்தின் மேல் மை ஏறுகிறது, சுற்றிலும் காகிதம் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளை எழுத்து என்றால் சுற்றிலும் மை, எழுத்து இருக்கிற இடம்தான் காலி. மை கொஞ்சம் பரவினாலும் அந்தக் காலி இடம் அடைபட்டுப்போகும். இங்கிலீஷ் எழுத்துக்கு இதனால் அவ்வளவு சேதம் இல்லை. நம் எழுத்தில் சுழிகள் ஜாஸ்தி. னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்? மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற புள்ளி எவ்வளவு பெரிது? மை ஏறினால் முதலில் போவது அதுதான். "பெரிய எழுத்துத் தலைப்புக்குச் செய்யலாம்மா, விஷயத்துக்குச் செய்யப்படாது" என்பார் பெரியப்பா. இப்போது ஈய எழுத்து போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அச்சும் எவ்வளவோ துல்லியமாகிவிட்டது. ஆனாலும் சுழி சுழிதான், புள்ளி புள்ளிதான். நம் கண்ணும் பழைய கண்தான்.

எழுத்தின் அளவுக்கு "பாயிண்ட்" என்று கணக்கு. 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். அந்தக் கட்டுரையில் இருந்தது 8 பாயிண்டுக்கு மேல் இராது என்பது என் அனுமானம். தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகரக் காலும் வால்களும் இருப்பதால் வரிக்கும் வரிக்கும் நடுவே நன்றாக இடம் விட வேண்டும். இவர்கள் பக்கத்தில் பாதியைச் சும்மா இருட்டாக விட்டுவிட்டு, வரிகளை மட்டும் தீப்பெட்டிக் குச்சி மாதிரி நெருக்கி அடுக்கியிருந்தார்கள். பத்தியின் அகலமோ நாலு விரல்கூட இல்லை. நம் வார்த்தைகள் நீளமானவை. "கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு" என்ற ஒரே சொல் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரத்தையும் நேராக நிறுத்த வேண்டுமென்று இழுத்தால் நடுவே ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி விழுகிறது. அப்படித்தான் விழுந்திருந்தது.

(இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நாற்பது தாண்டிய சகோதரிகள், எழுத்து மங்குகிறது என்றால் கணவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படிக்காதீர்கள். அவர் கண் வேறு, உங்கள் கண் வேறு. ஒரு தடவை கண் டாக்டரிடம் போய் உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தலைவலியும் குறையும், வீட்டில் சண்டையும் குறையும்.)

அடுத்த இரண்டு பக்கத்துக்கு வருவோம். பக்கம் முழுக்கக் கறுப்பு. நான்கு படங்கள், தங்கக் கலரில் மெல்லிய கோடுகள், ஒரு வீட்டின் தள வரைபடம். நாம் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தானே? எது ஹால், எது படுக்கையறை, அடுக்களை எந்த மூலை? நானும் நாத்தனாரும் விரலால் தேடினோம். வாசல் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, இரண்டு அறை இருக்கிறது, நடுவே ஒரு முற்றம் இருக்கிறது. அடுக்களையைக் காணோம்! கடைசியில்தான் தெரிந்தது. வரைபடத்தை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே போட்டு, அடுக்களை வந்த இடம் சரியாக மடிப்புக்குள் போய்விட்டது. புத்தகத்தின் முதுகை ஒட்டி எவ்வளவு அழுத்தித் திறந்தாலும் ஒரு சுவரும் பாதிக் கதவும்தான் வெளியே வந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் மலர் இரண்டாகியிருக்கும்.

முதல் பக்கத்தில் வெறும் சுவர் படத்துக்கு மடிப்பு எங்கே விழுகிறது என்று அத்தனை அக்கறையாகப் பார்த்தவருக்கு, அடுக்களை விஷயத்தில் அந்த அக்கறை இல்லாமல் போனது ஏன்? நடுப்பக்கமாக இருந்திருந்தால் பின் அடிக்கிற இடம் மட்டும்தான் சேதமாகும், தாள் தட்டையாக விரியும். மற்ற இடத்தில் வரைபடத்தை ஒரே பக்கத்துக்குள் அடக்குவதுதான் முறை. சுவரின் நிழல் அழகாக இருக்கிறது, அதைக் காப்பாற்றினார்கள். அடுக்களை அழகுக்கு உதவாது, போனால் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பக்கம் அமைத்தவர் ஒரு நாளாவது அந்த அறையில் நின்று நாலு பேருக்குத் தோசை வார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அது போகட்டும், மீதி வரைபடமாவது உபயோகமா என்றால், அதில் வடக்கு எது என்று அம்புக்குறி இல்லை. அடிக்கணக்கும் இல்லை. திண்ணை கிழக்கா மேற்கா? படுக்கையறை பத்துக்குப் பத்தா, பன்னிரண்டுக்குப் பதினாலா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டும் உண்டு. இங்கே திசை தெரியாமல் ஒரு சுவரில் ஓட்டை விட்டால், சாரலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். பேக்கருடைய கட்டடங்களில் கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். வெயிலும் சாரலும் நேராகச் சுவரில் அடிக்காமல் அது காப்பாற்றும். முதல் படத்தில் கூரையை வெட்டிவிட்டு ஜாலியை மட்டும் பெரிதாக்கிப் போட்டதால், ஜாலிக்கும் கூரைக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. என் நாத்தனார் ஆசைப்பட்ட மேற்கு அறையில் படுக்கப்போவது என் மாமியார். இழுப்பு உள்ளவர். ஈரச் சுவரும் குளிர்ந்த சாரலும் அவருக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்?

நான்கு படத்திலும் ஒரு மனிதர் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பித்தளைக் குடம், ஒரு ஊஞ்சல், ஒரு பூத்தொட்டி. கொடியில் துணி இல்லை, வாசலில் செருப்பு இல்லை, சுவரில் குழந்தையின் கிறுக்கல் இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும் தீர்த்த யாத்திரை போய்விட்டார்களா என்று தோன்றுகிறது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆள் இல்லாத படத்தில் அளவு தெரியாது. ஜாலி இடுப்பு உயரத்தில் ஆரம்பிக்கிறதா, தலைக்கு மேலா? ஒரு ஓட்டையில் குழந்தையின் கை நுழையுமா, தலை நுழையுமா? பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

படக் குறிப்புகளோ, நான்குக்கும் சேர்த்து ஒரே மூலையில். "மேலிருந்து வலப்புறமாக" என்று ஆரம்பித்து, எதற்கு எது என்று கண்டுபிடிப்பது குறுக்கெழுத்துப் போட்டி. படத்துக்குக் கீழேயே ஒரு வரி போட்டால் என்ன கெட்டுப்போகும்?

அந்த நான்கில் ஒன்று திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டியிருக்கிற இந்தியன் காபி ஹவுஸ். பேக்கர் கட்டியது. ஒடுக்கமான, நீளமான படமாக வெட்டி, கோபுரத்தைக் கொஞ்சம் சாய்த்து, நீல வானத்தோடு போட்டிருந்தார்கள். பார்க்க என்னவோ பீசா கோபுரத்துக்குத் தங்கை மாதிரி இருந்தது. நான் அங்கே இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். டாக்டரைப் பார்க்க திருவனந்தபுரம் போனால் திரும்பும்போது அங்கேதான் காபி. அந்தக் கட்டடத்தின் அதிசயம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. படிக்கட்டு கிடையாது. சங்குக்குள் நடக்கிற மாதிரி தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிப்போகிறது. வெளிச்சுவரை ஒட்டி, மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். யாரும் நகர்த்த முடியாது. தலைப்பாகையில் விசிறி வைத்த பரிமாறுகிறவர், தட்டை ஏந்திக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். சுவரில் வரிசையாக ஓட்டைகள். வெளியே பஸ் ஸ்டாண்டு இரைச்சல், உள்ளே காற்று. பக்கத்து மேஜைக் குழந்தை ஒவ்வொரு ஓட்டையிலும் எட்டிப் பார்த்து "பஸ், பஸ்" என்று எண்ணிக்கொண்டிருந்தது.

இதில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. சரிவைக் காட்ட ஒரு கோட்டுப் படம், காபித் தட்டோடு ஒருவர் நடக்கிற ஒரு புகைப்படம், இவை இரண்டும் இருந்தால் போதும். சிறிய இடத்தில் ஒரு பெரிய கூட்டத்தை எப்படி உட்கார வைத்தார் என்பது புரிந்துவிடும். அந்த இடத்தில் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, தங்க எழுத்தில், கொட்டை எழுத்தாகப் போட்டிருந்தார்கள். கட்டுரைக்குள் ஏற்கனவே படித்த அதே வாக்கியம்!

தங்க எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. எளிமைக்குப் பேர்போன மனிதரைப் பற்றிய பக்கத்துக்கு அந்தக் கறுப்பும் தங்கமும் எப்படிப் பொருந்தும்? நகைக்கடை விளம்பரம் என்று நினைத்து என் மகள் பக்கத்தைப் புரட்டிப் போய்விட்டாள். நாத்தனார் வீட்டுக்காரரோ, "இதெல்லாம் பணக்காரங்க பண்ணைவீடு. நமக்கு வேண்டாம்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். செலவைக் குறைத்துக் காட்டியவரை, செலவுக்குப் பயந்தே ஒருவர் ஒதுக்கிவிட்டார் பாருங்கள்! கட்டுரையை அவர் படிக்கவில்லை. பக்கத்தின் தோற்றமே அவருக்கு விலை சொல்லிவிட்டது. நல்ல வேட்டி கட்டியவரிடம் கடைக்காரர் ஒரு விலையும், கசங்கிய வேட்டிக்காரரிடம் வேறு விலையும் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இவ்வளவுக்கும் பேக்கரே பக்கம் அமைப்பதில் கெட்டிக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றி அவர் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். திருச்சூரிலிருந்து 1985 முதல் நடந்துவரும் காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு அவற்றை வெளியிட்டது. எழுதினது என்றால் நிஜமாகவே எழுதினது. அச்செழுத்து இல்லை, அவருடைய கையெழுத்தேதான். படங்களும் அவர் கையால் போட்ட கோட்டுப் படங்கள். என் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கும்போது வாங்கிய பிரதி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இங்கிலீஷ்தான், ஆனால் பள்ளிக்கூட இங்கிலீஷ் போதும். படத்துக்குப் பக்கத்திலேயே அதற்குரிய நாலு வரி. கண் அலைய வேண்டியதில்லை. வழக்கமாகச் செய்வது இப்படி, செலவு குறைய இப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல் அஸ்திவாரம் அகலமாக இருக்கும், அதன் நடுவில் ஒல்லியாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். வெளிப்பக்கம் ஒரு படி மாதிரி மிஞ்சி நிற்கும். மழைத் தண்ணீர் அந்தப் படியில் விழுந்து உள்ளே இறங்கும். சுவரைக் கொஞ்சம் தள்ளி, அஸ்திவாரத்தின் வெளி ஓரத்துக்கு நேராக வைத்தால் தண்ணீர் நிற்க இடமே இல்லை. இதை நான் எழுத நாலு வாக்கியம் ஆயிற்று. அவர் படம் பார்த்தவுடன் தெரிகிறது. இன்னொன்று, சட்டமே இல்லாத ஜன்னல். ஒரே பலகை, அதன் மேலும் கீழும் ஒவ்வொரு முளை, சுவரில் மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி. பலகை கதவு மாதிரித் திரும்புகிறது. சட்டம் இல்லை, கீல் இல்லை, தச்சர் கூலியும் குறைவு. கறுப்புக் காகிதமும் தங்கக் கோடும் இல்லாமல் சாதாரண வெள்ளைத் தாளில் இவ்வளவும் வந்துவிடுகிறது. மலர்க்காரர்கள் அந்த நான்கு பக்கத்தில் ஒரு கால் பக்கம் அவர் வரைந்ததையே போட்டிருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்பதும் அதிலேயே வந்திருக்கும்.

சரி, மேற்கு அறைக்கு வருகிறேன். நாத்தனார் அந்த மலரைக் கொத்தனாரிடம் காட்டினாள். அவர் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். வாங்கிப் பார்த்துவிட்டு, "படத்துல வெயில்தான் நல்லா விழுது அக்கா. கல்லு எப்படி நிக்குதுன்னு தெரியலையே" என்றார். நூற்றுக்கு நூறு சரி. ஜாலி என்றால் இஷ்டத்துக்கு ஓட்டை விடுவதில்லை. ஒரு வரிசையில் விட்ட இடைவெளிக்கு மேல் அடுத்த வரிசைக் கல் பாலமாக உட்கார வேண்டும், பாரம் கீழே இறங்க வழி வேண்டும். நிழலும் வெளிச்சமுமாக எடுத்த புகைப்படத்தில் அந்தக் கணக்கு தெரியாது.

நான் காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் பெரிதாக மூன்று வரிசை வரைந்தேன். எனக்குச் சித்திரம் வராது, செங்கல்தானே, கட்டம் போட்டால் ஆயிற்று! பக்கத்திலேயே எலிப்பொறிக் கட்டையும் வரைந்தேன். கற்களைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று அங்குலம் காலியாக விட்டு, இடையிடையே குறுக்குக் கல் வைப்பது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், நடுவிலுள்ள காற்று வெயில் சூட்டையும் சட்டென்று உள்ளே விடாது. ஓரத்தில் மேற்கே ஓர் அம்பு, "இந்தப் பக்கம் ஆடிச் சாரல்" என்று எழுதினேன். கொத்தனார் தாளை வாங்கி மடித்துக் காதில் செருகிய பென்சிலால் இரண்டு இடம் திருத்தினார். பிறகு கலவை போடாமல் மணல்மேல் வெறும் கல்லை மூன்று வரிசை அடுக்கிக் காட்டினார். நாத்தனார் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கல் கணக்கைக் கேட்டதும்தான் முகம் தெளிந்தது. பண்ணைவீடு என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

மேற்கு அறைக்கு எலிப்பொறிக் கட்டுச் சுவரும், மேலே நீண்ட கூரையும், அடைக்கக்கூடிய ஜன்னலும் என்று முடிவாயிற்று. ஜாலி கிழக்குத் திண்ணைக்கும், அடுக்களையில் அடுப்புக்கு மேலே தலைக்கு உயரத்திலும் போகிறது. அடுக்களையில் ஜாலி வேண்டும் என்றது நாத்தனாரின் சொந்த யோசனை. தாளிக்கிற புகை அங்கேயே சுற்றாமல் வெளியே போக வேண்டும் என்றாள். மலரில் தொலைந்த அறைக்கு இங்கே நல்ல கவனிப்பு!

அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். படம் பிரமாதம் என்று முதலில் எழுதிவிட்டு, வரைபடத்தை ஒரே பக்கத்தில் போடுங்கள், வடக்கையும் அடிக்கணக்கையும் காட்டுங்கள், விஷயத்தைக் கறுப்பு எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நம் ஆசிரியரும் இந்தப் பக்கத்து எழுத்தைக் கொஞ்சம் கவனித்தால் தேவலை. சென்ற இதழில் வண்டுக் கட்டுரைக்கு இளமஞ்சளில் தலைப்புப் போட்டு, அது இருக்கிறதா இல்லையா என்று தேட வைத்துவிட்டார்கள்!

திண்ணை ஜாலி இப்போது இடுப்பளவு எழும்பியிருக்கிறது. கொசு நுழையாமலிருக்க உள்பக்கம் வலை அடிக்க வேண்டும், டெங்குக் காலம் வேறு. மலரின் நான்கு பக்கத்திலும் கொசு என்ற பேச்சே இல்லை. நைலான் வலையா, கம்பி வலையா என்று நாத்தனார் கடை கடையாக விலை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.